தும்மினா "நூறு" எண்டு சொல்ல ஒரு ஆள் வேணும் (பட்டிமன்றத்துல பூங்கா அணிக்காக நான் பேசினது)

நடுவர் ஐயா அவர்களுக்கும், ரெண்டு அணி நண்பர்களுக்கும், முன்னால பாயில இருக்கிற அம்மாமாருக்கும், பின்னால மோட்டச்சைக்கிள்ல சாஞ்சபடி கேட்டுக்கிட்டிருக்கிற தம்பிமாருக்கும் வணக்கம். பத்து நிமிசம்தான் தந்திருக்காங்க, அதால வணக்கத்துக்கு இவ்வளவு போதும்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். டவுன் மனுசனுக்கு ஆறுதல் தாறது கல்லடிக் கடற்கரையா, டவுனுக்குள்ள இருக்கிற சின்னப் பூங்காவா? நான் பூங்கா. எங்கட மட்டக்களப்புக் காந்தி பூங்கா. எனக்கு முன்னால பேசின தம்பி கடற்கரைக் காத்தப் பத்தி, சூரியன் உதிக்கிறதப் பத்தி, மணல்ல கால் பதிக்கிறதப் பத்தியெல்லாம் வடிவாப் பேசினாரு, நானும் கை தட்டினன், இல்லையெண்டு சொல்லல்ல. பாடுமீனையும் தன்ட கணக்குல சேத்துக்கிட்டாரு பாருங்க, அதத்தான் விட ஏலாது. தம்பி, மீன் பாடுறது வாவியில, கடல்ல இல்ல. நிலாக் காலத்துல தோணியில போய், துடுப்பத் தண்ணிக்குள்ள விட்டு, மத்த நுனியக் காதுல வெச்சுக் கேட்டது எங்கட பெரியாக்கள், அதுவும் இந்த வாவித் தண்ணியில. பூங்கா இருக்கிறது அந்த வாவிக்கரையில. அதால மீன் எங்கட கட்சி, நடுவர் ஐயா குறிச்சிக்கோங்க.

சரி, மறுகா அவர் ஒரு கதை சொன்னாரு. சபையே சிரிச்சிச்சு. "பூங்காவாம் பூங்கா, கை துடைக்கிற லேஞ்சியளவு காணி, இந்தப் பக்கம் இருந்து நான் ஒருக்காத் தும்மினா அந்தப் பக்கம் இருக்கிறவருக்குத் தடிமன் புடிக்கும், காத்து வாங்கப் போனா பஸ் ஹோர்ன்தான் வாங்கலாம்" எண்டாரு. நான் பேசக் கொண்டுவந்த பேப்பர மடிச்சு வெச்சிட்டன் ஐயா. இதுக்குப் பதில் சொல்லாம எனக்கு வேற ஒண்டும் பேச ஏலாது.

முதல்ல அந்த லேஞ்சி. நியூயோர்க்குல, மன்ஹாட்டன் நடுவுல, 53ஆம் தெருவுல பேலி பார்க் எண்டு ஒரு பூங்கா இருக்கு. 1967ல திறந்தது. அதுட மொத்த அளவு 4,200 சதுர அடி, எங்கட கணக்குல சொன்னா 15 பேர்ச் சொச்சம், இஞ்ச ஒரு சின்னக் குடும்பத்துட ஊட்டு வளவு. வானத்த முட்டுற கட்டிடங்களுக்கு நடுவுல அந்த 15 பேர்ச்ச விட்டு வெச்சிருக்காங்க. பின்சுவர் முழுக்க 20 அடி உயரத்துல இருந்து தண்ணி விழுது, அந்தச் சத்தத்துல ரோட்டுச் சத்தம் அடங்கிப் போயிரும். கதிரைகள நிலத்துல பூட்டி வெக்கல்ல, இழுத்துப் போட்டு இருக்கலாம், நிழல் நகர்ற பக்கம் நாமளும் நகரலாம். பூங்கா எப்பிடி இருக்கோணும் எண்டு உலகத்துல படிப்பிக்கிற ஆக்கள் இண்டைக்கும் அந்த 15 பேர்ச்சத்தான் உதாரணம் காட்டுறாங்க. லேஞ்சியளவு எண்டு அவங்க ஆரும் சிரிக்கல்ல.

கிட்ட இருக்கிறதுதான் விசயமே. உலக சுகாதார ஸ்தாபனத்துட ஐரோப்பியப் பிரிவு சொல்லுது, ஊட்டுல இருந்து 300 மீற்றருக்குள்ள ஒரு பச்சை இடம் இருக்கோணுமாம், அஞ்சு நிமிச நடை. டவுன் கடையொண்டுல நிண்டு வேல செய்யிற புள்ள, மத்தியானம் அரை மணித்தியாலம் சாப்பாட்டு நேரம், அவ கல்லடிக்குப் போய் கடலைப் பாத்திட்டு வரட்டுமா? பாலத்துக்குப் போகவே நேரம் போயிரும். பழைய கல்லடிப் பாலம் 1928ல திறந்தது, புதுப் பாலம் 2013ல வந்தது, ரெண்டும் நல்ல பாலம்தான், ஆனா அந்தப் புள்ளைக்கு இருக்கிறது அரை மணித்தியாலம் மட்டும்.

சின்னது எண்டா குறைவு எண்டு நினைக்கிறவங்க பூங்காப் பக்கத்துல மட்டக்களப்பு வாயிலடிக்கு ஒருக்காப் போய்ப் பாருங்க. வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814ல இந்த ஊருக்கு வந்து இறங்கின நினைவு அது, சிலையும் இருக்கு. மனுசன் இஞ்ச முழுசா ஒரு வருசம் கூட இருக்கல்ல, 1815 ஏப்ரல்ல காலமாகிட்டாரு. அந்தச் சின்னக் காலத்துல தொடங்கி வெச்ச பள்ளிக்கூடம் ரெண்டு நூறு வருசம் தாண்டி மத்திய கல்லூரியா நிக்குது. சரி, அது கிடக்கட்டும்.

இப்ப தும்மலுக்கு வாறன். தம்பி, எங்கட ஊட்டுல சின்னப்புள்ள தும்மினா பெரியாக்கள் என்ன சொல்லுவாங்க? "நூறு" எண்டு சொல்லுவாங்க. நூறு வயசு இரு எண்டு வாழ்த்து. நீங்க கல்லடிக் கடற்கரையில நிண்டு தும்மிப் பாருங்க. அலைச்சத்தத்துல உங்களுக்கே கேக்காது. பூங்காவுல தும்மினா பக்கத்து வாங்குல இருக்கிற ஆரோ ஒரு வயசான மனுசி, உங்களத் தெரியாத மனுசி, "நூறு மனே" எண்டு சொல்லும். அதுக்கு அந்த மனுசி கேக்கிற தூரத்துல இருக்கோணும் இல்லையா? அந்தத் தூரத்துக்குப் பேர்தான் பூங்கா.

இத நான் சும்மா சொல்லல்ல. எங்கட பெத்தாட, அதான் பாட்டிட, குடைக் கதை சொல்றன், கேளுங்க.

2012. மண்முனைப் பாலம் வாறதுக்கு முந்தி, அது 2014லதான் திறந்தது. நாங்க வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை, கொக்கட்டிச்சோலைப் பக்கம். டவுனுக்கு வாறது எண்டா மண்முனைத் துறையில பாதையில, அதான் ஆக்களையும் வண்டிகளையும் ஏத்துற மிதவையில, ஏறி ஆத்தக் கடந்து, இஞ்சால பஸ் புடிச்சு வரோணும். பெத்தாக்கு மாசத்துக்கு ஒருக்கா கண் கிளினிக். நான்தான் கூட்டிக்கிட்டுப் போற. பெத்தாட கையில ஒரு உமல், உமலுக்குள்ள கிளினிக் கொப்பி, சோத்துப் பார்சல், வெத்திலை. மத்தக் கையில குடை. அந்தக் குடையப் பத்திச் சொல்லோணும். கறுப்புக் குடை, வளைஞ்ச மரப் பிடி, ஒரு கம்பி முறிஞ்சி நீல வலைநூலால சுத்திக் கட்டியிருக்கு. கட்டினது மூத்தப்பா, பெத்தாட புருசன். பிடியில பெத்தாட பேர்ட முதல் எழுத்த ஆணியச் சூடாக்கிச் சுட்டு வெச்சதும் மூத்தப்பாதான். மனுசன் போய்ச் சேந்து நாலு வருசம். பெத்தாக்கு அது குடை இல்ல, விளங்கிச்சா?

அண்டைக்குக் கண்ணுக்கு மருந்து விட்டுட்டாங்க. மருந்து விட்டா வெயில் பாக்க ஏலாது, எல்லாம் புகை மாதிரித் தெரியும். பூங்காவுல நிழல்ல ஒரு வாங்குல பெத்தாவ இருத்தினன். நான் மருந்துக் கடைக்குப் போய்த் திரும்பி வாறதுக்கிடையில அந்த வாங்கில ஒரு ஊரே கூடியிருக்கு. காத்தான்குடி வாப்பா ஒராள், ஆரையம்பதி அக்கா ஒராள், டியூசனுக்கு நேரம் பாத்துக்கிட்டிருந்த ஒரு பொடியன், எல்லாருட கையிலயும் பெத்தாட சோத்துப் பார்சல்ல இருந்த பொரிச்ச மீன் துண்டு. வாப்பா தன்ட கண்ணுல கற்றாக்ட் வெட்டின கதைய முதல்ல இருந்து சொல்றாரு, பெத்தா "வலிச்சிச்சா, வலிச்சிச்சா" எண்டு கேக்கிறா, அந்தப் பொடியன் எழும்பிப் போக மனமில்லாம மீன் முள்ள எடுத்துக்கிட்டிருக்கான். கண் தெரியாத மனுசி, ஆரட முகமும் தெரியல்ல, அரை மணித்தியாலத்துல நாலு குடும்பக் கதையக் கேட்டுட்டா.

பஸ் வந்திச்சு, ஓடி ஏறினம். மண்முனைக்கு வந்தம். பாதையில ஏறினம். பாதை நடு ஆத்துல போகக்குள்ள வெயில் முகத்துல அடிச்சிச்சு, பெத்தா கையத் தூக்கினா. கையில ஒண்டுமில்ல.

"குடை எங்க புள்ள?"

சபையோரே, அந்தச் சத்தத்த நான் இண்டைக்கும் மறக்கல்ல. பாதையில இருந்த மாடு கூடத் திரும்பிப் பாத்திச்சு. பெத்தா எழும்பி நிண்டு பாதைக்காரத் தம்பிக்குச் சொல்றா, "பாதையத் திருப்பு மனே". அவர் சொல்றாரு, "அம்மா, இது சைக்கிள் இல்ல". "திருப்பு மனே, ஒல்லுப்போல திருப்பு". ஒல்லுப்போல, கொஞ்சூண்டு, திருப்பட்டாம்! இருபது முப்பது சனம், மோட்டச்சைக்கிள், நெல்லு மூடை, மாடு, எல்லாத்தோடயும் நடு ஆத்துல பாதைய ஒல்லுப்போலத் திருப்பட்டாம். பாதை திரும்பல்ல. பெத்தா கரை வரைக்கும் நிண்டபடியேதான் வந்தா, டவுன் பக்கம் பாத்தபடி.

மறுகா ஒரு மாசம் எங்கட ஊட்டுல நடந்தத என்னண்டு சொல்ற. ஒவ்வொரு நாள் விடியக்குள்ளயும் குடைக் கதை. முதல் கிழமை குடை வாங்கில கிடந்திச்சு. ரெண்டாங் கிழமை காத்தான்குடி வாப்பாட கையில கிடந்திச்சு. மூணாங் கிழமை அந்தப் பொடியன்தான் எடுத்திட்டான், மீன் திண்டவன்தானே எண்டு கோவம். நாலாங் கிழமை மனசு இரங்கி, "பாவம், மழைக்குப் புடிச்சிக்கிட்டுப் போகட்டும்" எண்டா. தான்தோன்றீஸ்வரருக்குத் தேங்காய் நேத்தி வெச்சா. நான், "பெத்தா, டவுன்ல விட்ட குடை, ஒரு மாசம், ஆரு பெத்தா வெச்சிருப்பாங்க" எண்டு கேட்டா, "எடுத்தவனுக்கு அந்த எழுத்து தெரியாதா?" எண்டு கேக்கிறா.

அடுத்த கிளினிக். ஆசுபத்திரிக்குப் போகல்ல, நேரா பூங்கா. நான் பின்னால ஓடுறன். அந்த வாங்கு. அந்த மரம். மரத்துல, என்ட தலைக்கு மேல, ஒரு கொப்புல, குடை தொங்குது. நடுவர் ஐயா, திரும்பச் சொல்றன். ஒரு மாசம். மட்டக்களப்பு டவுன். எவ்வளவு சனம் வந்து போற இடம். குடை தொங்குது! அதுவும் சும்மா இல்ல, மழைத்தண்ணி உள்ளுக்குப் போகாம ஒரு சொப்பின் பையால மூடி, பிடியில சீலைத் துண்டால முடிச்சுப் போட்டு, ஆரோ பத்திரமாக் கட்டியிருக்காங்க. நீல வலைநூலும் அப்பிடியே இருக்கு, சுட்ட எழுத்தும் அப்பிடியே இருக்கு. எதிரணித் தம்பிக்கிட்ட ஒண்டே ஒண்டு கேக்கிறன். கல்லடி மணல்ல விட்டிருந்தா ஒரு மணித்தியாலத்துல அந்தக் குடை எங்க போயிருக்கும்? உங்கட அழகான காத்துதான் முதல்ல எடுத்துக்கிட்டுப் போயிருக்கும்.

கைதட்டினதுக்கு நன்றி. இதோட நான் இறங்கினா நல்லாத்தான் இருக்கும். ஆனா கதை இன்னும் முடியல்ல.

கட்டி வெச்சது ஆரு எண்டு கேட்டுப் பாத்தம். பூங்காக் கரையில கச்சான் கடலை விக்கிற ஒரு அக்கா. பெத்தா அவட கையப் புடிச்சிக்கிட்டு, "என்ன மகள், ஊட்ட கொண்டு போய் வெச்சிருக்கலாம்தானே, என்னத்துக்கு இவ்வளவு கரைச்சல்பட்டு மரத்துல கட்டின?" எண்டு கேட்டா. அந்த அக்கா கச்சான் சட்டிய அகப்பையால கிண்டிக்கிட்டே, பெத்தாவப் பாக்காமச் சொன்னா:

"நீங்க வந்து தேடக்குள்ள நான் இல்லாட்டி? விட்ட இடத்துல இருந்தாத்தானே அம்மா கண்டெடுக்கலாம்."

மறுகா கொஞ்ச நேரம் கச்சான் வெடிக்கிற சத்தம் மட்டும். பிறகு அவவாச் சொன்னா, தன்ட ஊர் கடலோர நாவலடி எண்டு. இந்தச் சபையில இருக்கிற ஆருக்கும் நாவலடி எண்டா விளக்கம் சொல்லத் தேவையில்ல. 2004 டிசம்பர் 26 விடிய. அம்மாவும் ரெண்டு புள்ளைகளும். விட்ட இடத்துல போய்த் தேடியிருக்கா. விட்ட இடமே இருக்கல்ல.

பெத்தா கேட்டா, "ஏன் மகள் இந்த இரைச்சலுக்குள்ள வந்து இருக்க? கல்லடிப் பக்கம் சனம் கூடத்தானே, ஏவாரம் நல்லாப் போகுமே." தெரியாமக் கேட்டுட்டா பெத்தா. அந்த அக்கா சொன்னா, "பாலம் தாண்டி நான் போறல்ல அம்மா. ராவையில படுத்தாலும் அந்தச் சத்தம் காதுக்குள்ள கேக்கும். இஞ்ச பஸ் ஹோர்ன் அடிச்சிக்கிட்டே இருக்கும்தானே. இஞ்ச இருந்தா கடல் கேக்காது."

தம்பி, நீங்க சொன்ன அந்த ஹோர்ன்தான்.

நான் மடிச்சு வெச்ச பேப்பர்ல இன்னும் நாலு பொயிண்ட் இருக்கு, மணி அடிச்சிட்டாங்க, அது கிடக்கட்டும். பெத்தா அண்டைக்குக் கிளினிக்குக்குப் போகல்ல. சோத்துப் பார்சலப் பிரிச்சு, அந்த அக்காவப் பக்கத்துல இருத்தி, தன்ட கையால மீன் முள்ளெடுத்துக் குடுத்தா. ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கல்ல. மத்தியான வெயில் சரிஞ்சி வாங்குப் பக்கம் வந்திச்சு. பெத்தா குடைய விரிச்சு, தனக்குப் புடிக்காம, அவட பக்கம் சாய்ச்சுப் புடிச்சிக்கிட்டு இருந்தா.

வணக்கம்.