வாங்கிய கேமின் பூட்டை நாமே திறந்தால் ஜெயிலா?

[காட்சி: தஞ்சாவூர், புது ஆற்றுக் கரை]

வணக்கம் மக்களே! காசு கொடுத்து வாங்கிய கேம் டிஸ்க். அதன் பூட்டை நாமே திறந்தால் ஜெயிலா? பதில் வருகிறது. முதலில் பூட்டைப் பாருங்கள், எனக்கு ரொம்பப் பிடித்த பூட்டு இது.

1994-இல் வந்த முதல் பிளேஸ்டேஷன், சோனியின் கேம் கன்சோல், அதாவது டிவியில் மாட்டி விளையாடும் பெட்டி. டிஸ்க்கில் இருக்கும் சுருள் தடத்தை வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். தகவல்தான் தண்ணீர். சோனி டிஸ்க்கின் உள்விளிம்பில் அந்த வாய்க்காலையே லேசாக நெளித்து வெட்டியது. நெளிவுக்குள் நான்கு எழுத்து. ஜப்பானுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று. அந்த எழுத்தைப் படித்தால்தான் கன்சோல் கேமை ஓட்டும். வீட்டு சிடி ரைட்டர் தண்ணீரை மட்டும்தான் மொண்டு வரும். இதோ இந்த ஆற்றில் ஒரு குடம் தண்ணீர் எடுக்கலாம், ஆற்றின் வளைவைக் குடத்தில் எடுக்க முடியுமா? நகல் டிஸ்க் அதனால்தான் ஓடாது. என்ன மூளை பாருங்கள்! அப்புறம் மோட் சிப் வந்தது, கன்சோலுக்குள் பற்றவைக்கும் ஒரு குட்டிச் சில்லு. அந்த நான்கு எழுத்தைக் கன்சோலின் காதில் அதுவே ஓதிவிடும், கதவு திறந்துவிடும்.

சரி, சட்டம். 1996-இல் வைப்போ, அதாவது ஐ.நா.வின் அறிவுசார் சொத்து அமைப்பு, இப்படிப்பட்ட பூட்டுகளைக் காக்க ஒப்பந்தம் போட்டது. 1998-இல் அதற்கான அமெரிக்கச் சட்டம். நகல் எடுக்கும் எண்ணமே இல்லாவிட்டாலும் அங்கே பூட்டைத் திறப்பதே தவறு. விதிவிலக்கு வேண்டுமென்றால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கேட்டு வாங்க வேண்டும்.

நம் நாட்டில் 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ பிரிவைச் சேர்த்தார்கள். இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. ஆனால் உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்திருக்க வேண்டும். சட்டம் தடுக்காத வேலைக்காகத் திறந்தால் குற்றமில்லை. அந்த வேலைக்கு இன்னொருவர் உதவினால், திறக்கச் சொன்னவரின் பெயர், முகவரியெல்லாம் முழுதாகக் குறித்து வைக்க வேண்டும். உரக்கடையில் யூரியா வாங்கினால் நம் விவரம் பதிவாகிறதே, கிட்டத்தட்ட அப்படி!

2005-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் மோட் சிப் விற்றவர் பக்கம் நின்றது. இந்தப் பூட்டு நகல் எடுப்பதைத் தடுக்கவில்லை, எடுத்த நகலை ஓடவிடாமல்தான் செய்கிறது என்றது. நுணுக்கமான வாதம், எனக்குப் பிடித்திருக்கிறது. பிறகு அங்கே சட்டத்தையே திருத்திவிட்டார்கள்.

என்னைக் கேட்டால் நம் சட்டம்தான் நியாயம். திருட்டு டிஸ்க் விற்பவரையும், சொந்த டிஸ்க் கீறல் விழுவதற்குள் காப்பாற்ற நினைப்பவரையும் ஒரே கூண்டில் ஏற்றக் கூடாது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய கேம் டிஸ்க் இருக்கிறதா? இன்னும் ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்து, கமென்ட்டில் பெயரைச் சொல்லுங்கள்!