கரையான் சாட்சி சொன்ன நடராஜர்

வணக்கம் நண்பர்களே. வெளியே நல்ல மழை, ஓட்டுச் சத்தம் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஒரு பழம்பொருள் வேட்டை த்ரில்லரை ராத்திரி பத்து மணிக்கு எடுத்தேன், மூன்றரைக்குத்தான் கீழே வைத்தேன். இந்த வகைக் கதைகள் என்றால் எனக்கு உயிர். மூன்று பக்கத்துக்கு ஒரு அத்தியாயம். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கதவு திறக்கும், அல்லது யாராவது ஒருவர் பள்ளத்தில் விழுவார். லைட்டை அணைக்கவே மனசு வராது.

ஆனால் மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது யோசித்தேன். அத்தனை பேர் உயிரைக் கொடுத்துத் துரத்தினார்களே, அந்தச் சிலையை யார் செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள்? ஒன்றுமே நினைவில்லை. சிலைக்குப் பதிலாக ஒரு பென் டிரைவை வைத்திருந்தாலும் கதை அப்படியே ஓடியிருக்கும். ஹிட்ச்காக் பிரபலமாக்கிய ஒரு சொல் உண்டு, மெக்கஃபின். எல்லோரும் துரத்துகிற பொருள், அது என்னவாக இருந்தாலும் பரவாயில்லை. உளவுக் கதைக்கு அது போதும். பழம்பொருள் கதைக்குப் போதாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பொருளைப் பற்றித் தெரியத் தெரியத்தான் நெஞ்சு படபடக்கும். நிஜமாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1976. திருவாரூர்ப் பக்கம் பத்தூர் என்ற கிராமம். இடிந்து கிடந்த ஒரு சிவன் கோயிலை ஒட்டி, கூலித் தொழிலாளி ஒருவர் மண் வெட்டிக்கொண்டிருக்கிறார். மண்வெட்டி உலோகத்தில் 'டங்' என்று மோதுகிறது. தோண்டினால் நடராஜர். சொற்பக் காசுக்குக் கைமாறி, தரகர் மேல் தரகராகப் போய், கடைசியில் லண்டன். 1982-ல் ஒரு கனடா நிறுவனம் அதை 2,50,000 பவுண்டுக்கு வாங்கி, சுத்தம் செய்துதரச் சொல்லி பிரிட்டிஷ் மியூசியத்திடம் கொடுக்கிறது. அங்கே இருக்கும்போதே லண்டன் போலீஸ் பறிமுதல் செய்துவிட்டது. நிறுவனம் வழக்குப் போட்டது.

இந்த இடத்திலிருந்துதான் எனக்குக் கதையே தொடங்குகிறது. துப்பாக்கி கிடையாது, கார் துரத்தல் கிடையாது. ஒரே கேள்வி: இது பத்தூர் மண்ணிலிருந்து வந்த நடராஜர்தானா?

பத்தூரில் அதே இடத்தில் வேறு சில செப்புத் திருமேனிகளும் கிடைத்திருந்தன. அவற்றையும் லண்டன் நடராஜரையும் ஒப்பிட்டார்கள். தமிழகத் தொல்லியல் துறையின் முதல் இயக்குநர் இரா. நாகசாமி லண்டன் போய், வடிவத்தை வைத்துச் சாட்சி சொன்னார். உலோகத்தை ஆராய்ந்தார்கள், ஒட்டியிருந்த மண்ணை ஆராய்ந்தார்கள். அப்புறம் எனக்கு மயிர்க்கூச்செறிந்த இடம்: சிலையின் மேல் கரையான் கட்டிய மண் தடம் இருந்தது. அதைப் பற்றிப் பேச ஒரு பூச்சியியல் நிபுணர் லண்டன் நீதிமன்றத்தில் நின்றார்! நம்மூர்க் கரையான், கடல் கடந்துபோய்ச் சாட்சி சொல்லியிருக்கிறது.

வழக்காடியவர்கள் பட்டியலில் இந்திய அரசு, தமிழக அரசோடு கோயிலும் உண்டு, அந்தக் கோயிலின் சிவலிங்கமும் உண்டு. 1988-ல் கோயில் பக்கம் தீர்ப்பு. 1991-ல் மேல்முறையீடும் தள்ளுபடி. இங்கிலாந்து நீதிமன்றத்தில் வழக்காட ஓர் இந்துக் கோயிலுக்கு உரிமை உண்டு என்று ஏற்றுக்கொண்டார்கள். அந்த வருடமே நடராஜர் இந்தியா திரும்பினார்.

இதெல்லாம் ஏன் சாத்தியம் என்றால், செய்முறை அப்படி. சுவாமிமலையில் இப்போதும் பார்க்கலாம். ஸ்தபதி முதலில் மெழுகில் முழு உருவத்தையும் செய்வார். மேலே காவிரி வண்டல் மண்ணைப் பூசிப் பூசிக் காயவைப்பார். சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும், அந்தக் குழிவில் உலோகத்தை ஊற்றுவார். ஆறியதும் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். அச்சு போயிற்று. அதே மாதிரி இன்னொன்று வரவே வராது.

அதனால்தான் ஸ்ரீபுரந்தான் நடராஜர் விஷயத்தில் ஒரு பழைய புகைப்படம் அவ்வளவு வேலை செய்தது. அரியலூர் மாவட்டத்தில் பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து திருடு போனது. 2008-ல் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் ஏறக்குறைய 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் அந்தச் சிலையின் பழைய படம் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால், அதே சிலை. 2014-ல் ஆஸ்திரேலியப் பிரதமரே டெல்லியில் கொண்டுவந்து ஒப்படைத்தார்.

உங்களில் யாராவது இப்படி ஒரு நாவல் எழுதினால் முதல் ஆளாக வாங்குகிறேன். நான் எழுதினால் மியூசியப் பட்டறையில் தொடங்குவேன். மேசை விளக்கின் கீழ் நடராஜர். சுத்தம் செய்ய வந்தவர் சின்னத் தூரிகையைக் கையில் எடுக்கிறார். நடராஜரைச் சுற்றியுள்ள நெருப்பு வளையமான திருவாசியின் இடுக்கில் காய்ந்த மண், அதில் நூல் மாதிரி ஒரு கரையான் தடம். தட்டிவிடலாமா என்று தூரிகையைக் கொண்டுபோகிறார். அந்த நேரம் பார்த்து வாசலில் போலீஸ்.