மலையில் குடியிருக்கும் பழைய கார்

உதகை வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

குன்னூரில் முப்பது வருடங்களுக்கு மேலாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். என்னிடம் வருகிற வண்டிகளில் பாதி என் பிள்ளைகளைவிட மூத்தவை. பிரீமியர் பத்மினி, அம்பாசிடர், பழைய மாருதி 800, ஜிப்ஸி, எஸ்டேட்டில் ஓடுகிற மகிந்திரா ஜீப். இவற்றை வைத்திருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: "வண்டி நல்லாத்தானே ஓடுது, புகை டெஸ்ட்டில் மட்டும் ஏன் போகுது?" அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

போன மார்கழியில் கேத்திப் பக்கமிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தன் பத்மினியைக் கொண்டுவந்தார். 1986 மாடல். அவருடைய அப்பா வாங்கிய வண்டி. ஆர்.சி. புதுப்பிக்கிற நேரம் நெருங்கிவிட்டது. முதல் 15 வருடம் முடிந்த பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வண்டியைப் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் புகைச் சான்றிதழ் இல்லாமல் போக முடியாது.

"தம்பி, ரெண்டு இடத்துல டெஸ்ட் எடுத்தாச்சு, ரெண்டு இடத்துலயும் பாஸ் ஆகல. அப்பா வண்டிப்பா இது. காயலான் கடைக்குப் போட மனசு வரல" என்றார்.

பானெட்டைத் திறந்து பார்த்தேன். காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுப்பது கார்புரேட்டர். பத்மினியோடு வந்த சோலெக்ஸ் கார்புரேட்டர் இல்லை. பல வருடங்களுக்கு முன் கோயம்புத்தூரில் யாரோ அதைக் கழற்றிவிட்டு, மைலேஜ் கிடைக்கும் என்று மாருதி 800 கார்புரேட்டரை ஒரு தகடு வைத்துப் பொருத்தியிருந்தார்கள். ஏர் ஃபில்டர் டப்பாவுக்குப் பதில் கூம்பு மாதிரி ஒரு திறந்த ஃபில்டர். பின்னால் தடித்த குழாயோடு ஒரு சைலன்சர். "சரி சார், வண்டி இங்கேயே இருக்கட்டும், நாலு நாள் கொடுங்க" என்றேன்.

நான் என்ன செய்தேன் என்று சொல்வதற்கு முன்னால் நம் மலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். குன்னூர் 1,850 இருக்கும். கோயம்புத்தூர் 400 சொச்சம்தான். உதகையில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே மேல். அப்படியென்றால் இன்ஜின் இழுக்கிற ஒவ்வொரு மூச்சிலும் ஏறக்குறைய கால் பங்கு காற்று குறைகிறது. ஒரு கிலோ பெட்ரோல் சுத்தமாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். புது வண்டியில் சென்சர் இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது, காற்று குறைந்தால் பெட்ரோலையும் குறைத்துக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்தக் கணக்குத் தெரியாது. காற்று ஓடுகிற வேகத்துக்குப் பெட்ரோலை உறிஞ்சிக் கொடுத்துவிடும். அடிவாரத்தில் சரியாக வைத்த கார்புரேட்டர் உதகைக்கு வந்ததும் ஏறக்குறைய பத்து சதவீதம் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றுகிறது. விறகடுப்பில் விறகை அடைத்து வைத்துவிட்டு ஊதாமல் விட்டால் எப்படிப் புகையும்? அதேதான். அரைகுறையாக எரிந்த பெட்ரோல்தான் கார்பன் மோனாக்சைடாக வெளியே வருகிறது.

பெட்ரோல் வண்டிக்கு டெஸ்ட்டில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று கார்பன் மோனாக்சைடு, சதவீதத்தில் வரும். இன்னொன்று எரியாமல் தப்பித்த பெட்ரோல், அதாவது ஹைட்ரோகார்பன், பி.பி.எம். கணக்கில், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று வரும். பாரத் ஸ்டேஜ் என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வருவதற்கு முன் செய்த நாலு சக்கர வண்டிகளுக்கு ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, 3 சதவீதமும் 1,500 பி.பி.எம்.மும் எல்லை. பாரத் ஸ்டேஜ் 2, 3 வண்டிகளுக்கு அரை சதவீதம், 750. பாரத் ஸ்டேஜ் 4 என்றால் 0.3 சதவீதம், 200. ஆகவே 1986 வண்டியிடம் யாரும் இன்றைய வண்டியின் சுத்தத்தைக் கேட்கவில்லை. அது பிறந்த காலத்துக்கு ஏற்ற சுத்தத்தைத்தான் கேட்கிறார்கள். அதுகூட வரவில்லை என்றால் இன்ஜினில் எங்கோ கோளாறு இருக்கிறது.

அந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். டாக்டர் ரத்த ரிப்போர்ட் பார்க்கிற மாதிரிதான். முதல் எண் ஏறி, இரண்டாவது ஓரளவுக்கு இருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. முதல் எண் குறைவு, இரண்டாவது மட்டும் எகிறி நிற்கிறது என்றால் சிலிண்டரில் சரியாகத் தீப்பிடிக்கவில்லை. தீப்பொறி கொடுக்கிற பிளக், பாயிண்ட், பொறி விழுகிற நேரமான டைமிங் பக்கம் போங்கள். ஃபெயில் என்று எழுதிய சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். மெக்கானிக்குக் கையில் கிடைக்கிற நல்ல தடயமே அந்தச் சீட்டுத்தான்.

ஆசிரியரின் வண்டிச் சீட்டில் 5.8 சதவீதம், 900 பி.பி.எம். பிளக்கைக் கழற்றினால் கரி அப்பியிருந்தது, விரலில் ஒட்டுகிற காய்ந்த கரி. சந்தேகமே இல்லை, பெட்ரோல் அதிகம்.

முதலில் சோக்கைப் பார்த்தேன். குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைத்துக் கொடுப்பது அது. நம் ஊர்க் குளிரில் சோக் இழுக்காமல் எந்தப் பழைய காரும் காலையில் கிளம்பாது. உள்ளே தள்ளிய பிறகு கார்புரேட்டர் வாயில் இருக்கிற தகடு நேராக நிமிர்ந்து நிற்க வேண்டும். இந்த வண்டியில் கேபிள் துருப்பிடித்துக் கால்வாசி மூடியே நின்றது. அவர் எத்தனை வருடம் பாதி சோக்கில் ஓட்டினாரோ! கேபிளை மாற்றினேன். அடுத்து கார்புரேட்டரைப் பிரித்தால், மிதவைக்கு மேலே இருக்கிற ஊசி தேய்ந்து, பெட்ரோல் மட்டம் உயர்ந்து நின்றது. அதையும் மாற்றினேன்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் அடியிலிருந்து 'புஸ் புஸ்' என்று ஒரு சத்தம். இன்ஜினிலிருந்து புகை வெளியே வருகிற மேனிஃபோல்டும் அந்தத் தடித்த குழாயும் சேருகிற இடத்தில் பேக்கிங் பிய்ந்திருந்தது. இதை எல்லோரும் கவனமாகக் கேளுங்கள். சைலன்சரில் ஓட்டை இருந்தால் புகை வெளியே போவதோடு முடிவதில்லை, வெளிக்காற்றும் உள்ளே புகுந்து புகையோடு கலக்கும். மெஷின் காட்டுகிற எண் உண்மையைவிடக் குறைவாக இருக்கும். நான் பேக்கிங் மாற்றியதும் எண் இறங்கவில்லை, ஏறியது. பக்கத்தில் நின்ற ஆசிரியர் முகம் வாடிப்போனது. "சார், இப்பத்தான் மெஷின் நிஜத்தைச் சொல்லுது" என்றேன்.

அப்புறம் ஐடிலிங்கில் பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைக்கிற ஸ்க்ரூ. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, புகை மெஷினின் குழாய் சைலன்சருக்குள் இருக்கும்போதே, ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்புவது, எண் நிலைக்கும்வரை காத்திருப்பது, மறுபடியும் கால் சுற்று. காதால் கேட்டு செட் பண்ணுகிற பழக்கம் எனக்கும் உண்டு. ஆனால் காதுக்கு இனிமையாகக் கேட்கிற ஐடிலிங் பெரும்பாலும் பெட்ரோல் கூடுதலாகப் போகிற ஐடிலிங்தான். பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்து, டைமிங்கை ஓர் இழை முன்னே வைத்தேன். காற்று மெல்லியதாக இருக்கிற இடத்தில் தீ பரவ நேரம் எடுக்கும், அதற்காக. கடைசியில் 1.9 சதவீதம், 520 பி.பி.எம். பழைய சைலன்சரை அவர் வீட்டுப் பரணில் பத்திரமாக வைத்திருந்தார். அதையும் ஏர் ஃபில்டர் டப்பாவையும் திரும்ப மாட்டச் சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்றால், புகைக்கு அப்பால் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி சொன்ன அளவுகளிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. இன்ஜின் மாற்றினாலும் கேஸ் கிட் போட்டாலும் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிந்திருக்க வேண்டும். எஸ்டேட் ஜீப்புகளில் இந்தச் சிக்கல் அதிகம். ஆர்.சி.யில் பெட்ரோல் என்று இருக்கும், உள்ளே டீசல் இன்ஜின் உட்கார்ந்திருக்கும். பெட்ரோலுக்கு ஒரு டெஸ்ட், டீசலுக்கு வேறு டெஸ்ட். நம்பரைத் தட்டியதும் பெட்ரோல் என்று வருகிற வண்டிக்கு டீசல் டெஸ்ட் எப்படி எடுப்பார்கள்? இப்படிப்பட்டவர்கள் புகையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் ஆர்.சி.யைச் சரிசெய்யுங்கள்.

டீசலுக்கு எண் ஒன்றுதான், புகையின் கருமை. அதை அளக்கிற அலகு எச்.எஸ்.யூ. பழைய வண்டிகளுக்கு எல்லை 65 எச்.எஸ்.யூ. நின்ற இடத்திலேயே ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்து அளப்பார்கள். காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போ இல்லாத பழைய ஜீப்புக்கு இந்த உயரத்தில் இது கஷ்டமான பரீட்சை. பம்ப் அதே டீசலை அனுப்பும், காற்று மட்டும் கிடைக்காது. பாரம் இழுக்கவில்லை என்று பம்ப் ஸ்க்ரூவைக் கூட்டி வைத்திருப்பார்கள், அதைக் குறைத்தே ஆக வேண்டும். மண் சாலையில் ஓடுகிற ஜீப்புக்கு ஆயில் பாத் ஏர் ஃபில்டரைக் கழுவி எண்ணெய் மாற்றினாலே பாதிப் புகை நிற்பதை எத்தனையோ வண்டியில் பார்த்திருக்கிறேன். டெஸ்ட்டுக்குப் போகும் முன் பர்லியாரிலிருந்து குன்னூர் வரை ஒருமுறை ஏற்றிக் கொண்டுவாருங்கள். இன்ஜின் சூடாகிக் கரி கழன்று போயிருக்கும். குளிர்ந்த இன்ஜினோடு போய் வரிசையில் நிற்க வேண்டாம்.

சைலன்சர் குழாயில் இருந்து புகையைச் சுத்தம் செய்கிற கேடலிடிக் கன்வர்ட்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இழுவை கூடும் என்று அதை அறுத்துவிட்டு வெறும் குழாய் போட்டவர்கள் வருவார்கள். அரை சதவீதம் எல்லை உள்ள வண்டிக்கு அது இல்லாமல் தேறுவது ரொம்பச் சிரமம். புதிது போடச் செலவாகும்தான், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு ஒரு மாற்றத்தைப் பார்க்கிறேன். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை கொஞ்சம் மெலிகிறது. மலையில் பெட்ரோல் கூடிப்போகிற பழைய கார்புரேட்டருக்கு அது ஓரளவு ஈடுகட்டுகிறது. ஆனால் பழைய ரப்பர் ஹோஸும் டயஃப்ரமும் அதில் ஊறிக் கெட்டுப்போகின்றன. பெட்ரோல் வாசனை வந்தால் அன்றைக்கே பாருங்கள்.

வண்டியைக் கொண்டுபோகாமலே சான்றிதழ் மட்டும் வாங்கித் தருவதாக யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சீசன் நேரத்தில் உதகை சேரிங் கிராஸில் வண்டிகள் அடைத்து நிற்கும்போது நம் பிள்ளைகள் அந்தப் புகையில்தான் நடந்து பள்ளிக்கூடம் போகிறார்கள். பனிக்காலத்துக் காலையில் பள்ளத்தாக்கில் புகை மேலே எழும்பாமல் அப்படியே படுத்துக் கிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இன்னொன்றும் கெஞ்சிக் கேட்கிறேன். உறைபனிக் காலத்தில் குளிருக்குப் பயந்து ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு இன்ஜினைச் சூடாக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தலை சுற்றுகிறதே என்று நினைப்பதற்குள் ஆள் விழுந்துவிடுவார்.

ஆசிரியரின் பத்மினிக்குச் சான்றிதழ் கிடைத்தது. பழைய வண்டி என்பதால் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும், மறுபடியும் வர வேண்டும். போன வாரம் வந்தார். மகள் வீடு ஈரோட்டில் இருக்கிறதாம், காரில் போய் ஒரு மாதம் தங்கப் போகிறாராம். மலைக்காக மெலிய வைத்த கலவை அங்கே இன்னும் மெலிந்து இன்ஜின் சூடேறும் என்று சொல்லி, ஸ்க்ரூவை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்ததும் முதலில் ஒர்க்‌ஷாப்புக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

வணக்கம்.