விரல் நுனியில் ஒரு கடல்

நடுவர் அவர்களே, பேசி முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பரே, அவையோரே, வணக்கம்.

ஆஸ்கர் வென்ற குறும் அனிமேஷன் படங்களுக்கு உயிர் கொடுப்பது கதையா, கைவண்ணமா? இதுதான் தலைப்பு. கதையே என்ற நண்பர், ‘ஃபாதர் அண்ட் டாட்டர்’ படத்தின் கதையை உருக்கமாகச் சொன்னார். அப்பா படகேறிப் போகிறார், திரும்பவில்லை. மகள் கரைக்கு வந்து வந்து பார்த்தே கிழவியாகிறாள். அவையோரே, யாராவது அழுதீர்களா? நான் கவனித்தேன், ஒரு கைக்குட்டைகூட வெளியே வரவில்லை. நண்பர் கதையை முழுசாகத்தானே சொன்னார்?

இப்போது படத்துக்கு வாருங்கள். மைக்கேல் டுடோக் டி விட் 2000இல் எடுத்தது, எட்டு நிமிடம்தான். வசனமே கிடையாது. நெதர்லாந்தின் தட்டையான நிலம், பெரிய வானம், அதன் அடியில் எறும்பு போல ஒரு பெண். முகம்கூடச் சரியாகத் தெரியாது. எதிர்க்காற்றில் அவள் சைக்கிள் மிதிக்கிறாள். காற்றின் பலம் அவள் முதுகு வளைவில் தெரிகிறது. கடைசியில் கிழவியாக வந்து சைக்கிளை நிறுத்தப் பார்க்கிறாள். அது விழுகிறது. தூக்கி நிறுத்துகிறாள், மறுபடியும் விழுகிறது. சரி, கிடக்கட்டும் என்று விட்டுவிடுகிறாள். எனக்குத் தொண்டை அடைத்தது அந்த இடத்தில்தான். சைக்கிள் விழுவது ஒரு கதையா நடுவர் அவர்களே? அது கோடு செய்த வேலை.

அடுத்து, ‘கடலும் கிழவனும்’. அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயின் கதை 1952லேயே வந்துவிட்டது, உலகமே படித்துவிட்டது. கதைதான் உயிர் என்றால், 2000ஆம் ஆண்டு ரஷ்யர் அலெக்சாண்டர் பெத்ரோவுக்கு எதற்கு ஆஸ்கர்? அவர் கண்ணாடியில் எண்ணெய் வண்ணத்தைப் பெரும்பாலும் விரல் நுனியால் தீட்டினார். அதைக் கேமராவில் ஒரு படம் பிடித்ததும், ஈரம் காயாத அதே ஓவியத்தைக் கொஞ்சம் மாற்றித் தீட்டி அடுத்த படம் பிடித்தார். நாமெல்லாம் சிலேட்டில் எச்சில் தொட்டு அழித்து எழுதினோமே, அதே வேலை! ஆனால் 29,000 தடவைக்கு மேல், இரண்டு வருடத்துக்கும் அதிகமாக. இருபது நிமிடப் படத்துக்கு. தீட்டியதைத் தானே அழித்துக்கொண்டுதான் முன்னே போக முடியும். படத்தில் மீன் துள்ளும்போது தண்ணீர் எங்கே முடிகிறது, வெளிச்சம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. ஹெமிங்வே எழுதிய வாக்கியங்களில் இந்தக் கடல் இல்லை. விரலில் இருந்தது.

ஜப்பானின் குனியோ காட்டோ எடுத்த படத்தையும் நண்பர் சொன்னார். தண்ணீர் ஏற ஏற, வீட்டின் மேல் வீடாகக் கட்டிக்கொண்டே போகும் முதியவர். தண்ணீரில் விழுந்த, தான் புகைபிடிக்கும் குழாயைத் தேடி முங்கும்போது, ஒவ்வொரு மாடியிலும் பழைய வாழ்க்கை. நல்ல கதை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நண்பரே, அந்த யோசனையே ஓர் ஓவியம்தானே? நீங்களும் அதை விளக்கும்போது மேசைமேல் கையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித்தானே காட்டினீர்கள்!

நடுவர் மணியைத் தொடுகிறார். இன்னும் ஒன்றே ஒன்று.

போலந்துக்காரர் ஸ்பிக்னியெவ் ரிப்சின்ஸ்கியின் ‘டாங்கோ’, 1983இல் ஆஸ்கர் வாங்கியது. ஒரே அறை. ஒரு பையன் பந்தை எடுக்க ஜன்னல் வழியாக உள்ளே குதிக்கிறான், எடுத்துக்கொண்டு போகிறான், மறுபடி வருகிறான். அப்புறம் ஒவ்வொருவராக வந்து, 36 பேர் அந்த அறைக்குள் தங்கள் வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். ஒருவர்மேல் ஒருவர் இடிப்பதில்லை. இதற்காக ரிப்சின்ஸ்கி ஏழு மாதம், நாளுக்குப் பதினாறு மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்தார்.

நண்பருக்கு மறுமொழி சொல்ல இரண்டு நிமிடம் இருக்கிறதாம். ‘டாங்கோ’வின் கதை என்ன என்று மட்டும் இந்த அவைக்குச் சொல்லட்டும். நான் உட்கார்ந்து கேட்கிறேன்.