உயிரோடு இருந்ததற்குச் சாட்சி

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், வடக்கு முனையில் உள்ள ஹெம்ப்ஹில் கவுண்டியையும், தீயிலும் வறட்சியிலும் இழப்பு நேரும்போது அங்குள்ள மாட்டுப் பண்ணையாளர்களுக்கு அரசு உதவும் விதத்தையும் பற்றி இன்று பேச விரும்புகிறேன். கவுண்டி என்பதை மாவட்டத்தைப் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவு என்று கொள்ளுங்கள். மக்கள்தொகை 4,000-ஐக்கூடத் தொடாத அந்த ஊர்ப்புறத்தில் மனிதரைவிட மாடுகளே அதிகம்.

2024 பிப்ரவரி 26 அன்று, அதற்கு மேற்கே ஸ்டின்னெட் என்னும் சிற்றூரின் அருகே பற்றிய தீ, காய்ந்த புல்லும் பெருங்காற்றும் கைகோத்ததால் கிழக்கு நோக்கிப் பாய்ந்து, 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்து, அம்மாநில வரலாற்றிலேயே மிகப் பெரிய காட்டுத்தீயாயிற்று. அந்த வட்டாரத்தில் 7,000-க்கும் மேற்பட்ட மாடுகள் மாண்டன. பசுக்கள் கன்று ஈனும் பருவம் அது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இறந்த கால்நடைக்குக் கூட்டாட்சி அரசு சந்தை மதிப்பில் 75 விழுக்காட்டை இழப்பீடாகத் தருகிறது. ஆனால் வழக்கமாகவே ஆண்டுதோறும் சாகக்கூடிய எண்ணிக்கையைக் கழித்துவிட்டு, அதற்கு மேற்பட்டதற்குத்தான் பணம். ஆகவே செத்த மாட்டுக்குச் சாட்சி இருந்தால் மட்டும் போதாது. முந்தின நாள் அது உயிரோடு இருந்ததற்கும் சாட்சி வேண்டும். பல ஆண்டுகளாக நான் சொல்லிச் சொல்லி நண்பர்களைச் சலிப்படைய வைத்த செய்தி இதுதான்.

தீக்கு அடுத்த ஆண்டு அங்கே ஒரு பண்ணையாளரைச் சந்தித்தேன். வீடு தப்பியிருந்தது, கொள்முதல் ரசீதுகள் இருந்த கொட்டகை சாம்பலாகியிருந்தது. அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் உள்ளங்கை அளவுக் குறிப்பேடு ஒன்றுதான் மிஞ்சியது. எண்ணெய்க் கறை படிந்த அதன் தாள்களில் மாட்டின் காதில் மாட்டும் அடையாள வில்லையின் எண், ஈன்ற தேதி, காளையா கிடேரியா என்பதெல்லாம் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. கடைசிப் பக்கத்தில் மூன்று கன்றுகளுக்கு எதிரே எண் இல்லை, வெறும் கோடுதான் இருந்தது. பிறந்து இரண்டு நாளே ஆகியிருந்ததால் வில்லை மாட்டவில்லையாம். முந்தின நாள் வைக்கோல் இறக்க வந்த அண்டைப் பண்ணைக்காரர் அக்கன்றுகளைப் பார்த்திருந்தார். அவர் கையெழுத்திட்ட வாக்குமூலம்தான் அவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழாயிற்று. குறிப்பேட்டை மூடும்போது அம்மனிதர் அந்தக் கோடுகளைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். எண்ணிக்கை, நேயர்களே, எண்ணிக்கை. முந்தின நாளின் எண்ணிக்கை.

கம்பிவேலி தனிக்கதை. வேலி இல்லாமல், பிழைத்த மாட்டைக்கூடத் தன் நிலத்தில் நிறுத்த முடியாது. அதை மீண்டும் போட வேறொரு திட்டம் செலவில் 75 விழுக்காடு வரை ஏற்கிறது. எஞ்சியது பண்ணையாளரின் பொறுப்பு. கருகிய மேய்ச்சலுக்கோ, புல் சொந்த நிலத்ததா கூட்டாட்சி அரசின் நிலத்ததா என்பதைப் பொறுத்துத் திட்டமே மாறிவிடுகிறது. தீ மட்டும் அந்த எல்லையைப் பார்ப்பதில்லை.

வறட்சியில் நிலைமை தலைகீழ். அங்கே எவரும் எதையும் எண்ணிக் காட்டுவதற்கு முன்பே ஒரு வரைபடம் பேசிவிடுகிறது. வியாழன்தோறும் வெளியாகும் தேசிய வறட்சி வரைபடத்தில், மேய்ச்சல் பருவத்தின்போது கவுண்டியின் ஏதாவது ஒரு மூலை அதிதீவிர வறட்சிக்குரிய சிவப்பு நிறம் பெற்றாலும், கவுண்டி முழுவதும் மூன்று மாத உதவிக்குத் தகுதி பெறுகிறது. ஒரு மாதத் தீவனச் செலவின் 60 விழுக்காட்டை அடிப்படையாக வைத்தே அத்தொகையைக் கணக்கிடுகிறார்கள். சாலைக்கு மறுபுறம் வேறு கவுண்டியாக இருந்து, அங்கே சிவப்பு விழாவிட்டால், அதே காய்ந்த புல்லுக்கு வேறு கணக்கு. நேரில் பார்த்தபோது இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் இதைவிட விரைவான வழியை என்னாலும் சொல்ல இயலவில்லை.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். இத்திட்டங்களை உள்ளூரில் மேற்பார்வையிடும் குழுவில் 3 முதல் 11 பேர் வரை இருப்பர். அவர்களை விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், நேரம் இல்லை. வணக்கம்.