நாலு வீடு சுற்றி வந்த காதல் கதை: 'த ரோஸி புராஜெக்ட்'

வணக்கம். குக்கர் இன்னும் இரண்டு விசில் பாக்கி வைத்திருக்கிறது. அது கத்தும்போது நிறுத்தப் போவதில்லை, இப்படியே பேசிவிடுகிறேன். இந்த வாரம் எடிட்டிங்குக்கு நேரமே இல்லை.

இன்று ஒரே ஒரு புத்தகம்தான். கிரேம் சிம்சியன் எழுதிய 'த ரோஸி புராஜெக்ட்'. ஆஸ்திரேலியாவில், மெல்போர்னில் நடக்கிற கதை. 2013இல் வந்தது. இதோ பாருங்கள், அட்டை மடங்கி, முதுகு விரிந்து, ஐம்பதாம் பக்கத்துக்கு மேலே சாம்பார்க் கறையோடு இருக்கிறது. ஏன் என்றால் இது நாலு வீடு சுற்றி வந்த பிரதி. நான் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்த வேகத்தில் கிடைத்தவர்கள் கையில் எல்லாம் இதைத் திணித்தேன். புத்தகம் திரும்பி வந்தபோது கூடவே ஆளுக்கொரு வழக்கும் வந்தது. ஒரு லேசான காதல் கதைக்கு இத்தனை வழக்கா என்று எனக்கே ஆச்சரியம். அதனால் அந்த வழக்குகளைத்தான் இன்று உங்களிடம் கொண்டு வந்திருக்கிறேன்.

முதலில் கதை. பயப்படாதீர்கள், முடிவைச் சொல்ல மாட்டேன்.

டான் டில்மன். வயது 39, மரபணுவியல் பேராசிரியர். நல்ல சம்பளம், நல்ல உடற்கட்டு, அக்கிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலை தெரியும். ஆனால் எந்தப் பெண்ணோடும் இரண்டாவது தடவை வெளியே சாப்பிடப் போனதில்லை. வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு சமையல், அது மாறவே மாறாது. செவ்வாய்க்கிழமை என்றால் சிங்கி இறால் சாலட். என்ன சமைப்பது என்று தினமும் யோசிக்கிற நேரம் மிச்சம் என்பது அவர் கணக்கு. (அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. என் வீட்டிலும் செவ்வாய்க்கிழமைக்கு ஒரு முடிவு இருந்தால் தேவலை.)

இப்படிப்பட்டவர் கல்யாணம் செய்துகொள்ள முடிவு செய்கிறார். எப்படித் தேடுவது? கேள்வித்தாள் தயாரிக்கிறார். பதினாறு பக்கம். புகை பிடிப்பவர், குடிப்பவர், நேரத்துக்கு வராதவர் எல்லோரையும் வடிகட்ட வேண்டும். அதில் ஒரு கேள்வி, ஆட்டுச் சிறுநீரகம் மாதிரி உறுப்புக் கறி சாப்பிடுவீர்களா என்று. 'எப்போதாவது' என்பதுதான் சரியான விடை. எப்போதும் என்றாலும் தப்பு, ஒருபோதும் இல்லை என்றாலும் தப்பு. சாப்பாட்டு விஷயத்தில் வம்பு பிடிக்கிற ஆளா என்று கண்டுபிடிக்கிறாராம்.

இதைத் தயாரிப்பதற்கு முன்னால் நடந்த ஒரு ஐஸ்கிரீம் விவகாரமும் உண்டு. பொருத்தமான பெண்ணாகத்தான் இருக்கிறாள், கணினி விஞ்ஞானி. அவள் ஆப்ரிகாட் சுவைதான் வேண்டும் என்கிறாள். கடையில் அது இல்லை. குளிரில் நாக்கு மரத்துப்போவதால் ஐஸ்கிரீம் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சுவைதான், அதிலும் பழ ஐஸ்கிரீம் என்றால் சொல்லவே வேண்டாம் என்று டான் விளக்குகிறார். அவ்வளவுதான், சம்பந்தம் முறிந்தது. டான் அதற்குப் பேரே வைத்துவிட்டார்: ஆப்ரிகாட் ஐஸ்கிரீம் பேரழிவு.

இந்த இடத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டு நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "இந்தப் பையனைப் பார்த்து எதுக்குச் சிரிக்கிறே? பொண்ணு பார்க்க வர்றவங்க சுத்தி வளைச்சுக் கேக்கறதை இவன் தாள்ல நேராக் கேக்கறான். உன்னைப் பார்க்க வந்தவங்க, பொண்ணுக்குப் பாட வருமான்னு ஏன் கேட்டாங்கன்னு நினைக்கிறே?" எனக்குப் பதில் வரவில்லை. பத்துப் பொருத்தமும் பயோடேட்டாவும் பார்த்துக் கல்யாணம் முடித்த தலைமுறைக்கு டான் ஒரு விசித்திரப் பிராணியே இல்லை. கொஞ்சம் வெளிப்படையான மாப்பிள்ளை வீட்டார், அவ்வளவுதான்.

அம்மா ஆங்கிலம் மெதுவாகத்தான் படிப்பாள். அதனால் தினம் சமையல் நேரத்தில் நான் கதை சொல்வது, அவள் உம் கொட்டுவது என்று போய்க்கொண்டிருக்கிறது. இன்னும் முடியவில்லை.

சரி, ரோஸி. மதுக்கூடத்தில் வேலை செய்கிறாள், புகை பிடிக்கிறாள், எங்கேயும் நேரத்துக்கு வருவதில்லை. கேள்வித்தாளில் முதல் பக்கமே தாண்டமாட்டாள். டானின் நண்பன் ஜீன் அனுப்பிவைத்ததால், இவளும் கல்யாணத்துக்கு விண்ணப்பித்தவள் என்று டான் நினைத்துக்கொள்கிறார். அவளோ ஒரு பந்தயத்துக்கு மரபணுவியல் விடை கேட்க வந்தவள். அவளுக்கு இன்னொரு தேடலும் இருக்கிறது, தன்னைப் பெற்ற அப்பா யார் என்று. அம்மா இறந்துவிட்டாள். அம்மாவோடு மருத்துவம் படித்த வகுப்பில் யாரோ ஒருவர்தான் என்பது மட்டும் தெரியும். டான் உதவ முன்வருகிறார். பழைய மாணவர்கள் கூடுகிற விருந்தில் இருவரும் பானம் பரிமாறப் போகிறார்கள். குடித்து வைத்த கோப்பைகளிலிருந்து மரபணு மாதிரி எடுப்பது திட்டம். டான் காக்டெயில் புத்தகத்தையே மனப்பாடம் செய்துகொண்டு போய் நிற்கிறார். அந்த ராத்திரியின் நாயகனே அவர்தான். புத்தகத்தில் எனக்கு மிகப் பிடித்த அத்தியாயம் அது. மனிதர்களோடு பழகத் தெரியாது என்று ஊரே சொல்கிற ஒருவருக்கு, ஒரு மேசையும் ஒரு வேலையும் தெளிவான விதிகளும் கொடுத்துவிட்டால் எப்படி மலர்ந்துவிடுகிறார் பாருங்கள்.

'கேட்காமல் ஒருவரின் மரபணுவை எடுப்பது குற்றமில்லையா' என்று என் சித்தப்பா, அவர் வக்கீல், நீளமாகப் பேசினார். உண்மைதான். சித்தப்பாவுக்குப் பிடித்த புத்தகம் என்று ஒன்று இதுவரை கிடையாது. மேலே போவோம்.

இரண்டாவதாக இது போனது என்னோடு வேலை பார்க்கும் ஒருவரிடம். டேட்டாபேஸ் ஆள். மறுநாளே பரவசமாக வந்தார். விஷயம் என்னவென்றால், இந்த சிம்சியன் நாவலாசிரியர் ஆவதற்கு முன்னால் தகவல் தொழில்நுட்ப ஆலோசகர். தகவல்களை எப்படி அடுக்கி வைப்பது என்று திட்டமிடுகிற டேட்டா மாடலிங் பற்றிய பாடப்புத்தகம் எழுதியவர். நம்ம ஆள் படிக்கிற காலத்தில் அதைப் புரட்டியிருக்கிறார்! 'அதான் கேள்வித்தாள் அவ்வளவு சுத்தமா இருக்கு' என்றார். இந்தக் கதையை சிம்சியன் முதலில் திரைக்கதையாகத்தான் எழுதினார், அப்புறம்தான் நாவலாக்கினார். அச்சாகும் முன்பே, 2012இல், விக்டோரியா மாநில முதல்வர் பெயரில் கொடுக்கும் இலக்கிய விருதுகளில், வெளிவராத கையெழுத்துப் பிரதிக்கான பரிசு இதற்குக் கிடைத்தது. 2014இல் பில் கேட்ஸ் வேறு பரிந்துரைத்தார். கணினிக்காரர்களுக்கு இது ஏன் பிடிக்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன. திரைக்கதையாகப் பிறந்தது என்பது படிக்கும்போதே தெரியும். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு காட்சி, காட்சி முடிவில் ஒரு வெடி. வேகம் அதனால்தான் வருகிறது. குறையும் அங்கிருந்துதான் வருகிறது, அதற்கு வருகிறேன்.

இதோ, விசில். ஒன்று.

குறையைப் பிடித்தவள் என் சித்தி மகள், கல்லூரியில் இரண்டாம் வருடம். அவள் கேட்டது ஒரே கேள்வி: "அக்கா, ரோஸிக்கு இதுல என்ன கிடைக்குது?" யோசித்துப் பார்த்தால் நியாயம். கதை முழுக்க டான் வாயால்தான் வருகிறது. அவருக்கு மற்றவர்கள் மனது தெரியாது, அதனால் நமக்கும் ரோஸியின் மனது தெரியாது. நகைச்சுவைக்கு அது பெரிய வசதி. அவள் கோபமாக இருக்கிறாள் என்று நமக்குப் புரிகிறது, டானுக்குப் புரியவில்லை, சிரிப்பு வருகிறது. ஆனால் காதல் என்று வரும்போது அதே வசதி காலை வாரிவிடுகிறது. அவள் வருகிறாள், அவருடைய வீட்டுக் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறாள், அட்டவணையைக் கலைக்கிறாள், அவருடைய வாழ்க்கை மாறுகிறது. அவளுடைய ஆராய்ச்சிப் படிப்பு? அவளுக்குத் தன்மேல் இருக்கிற கோபம்? ஓரமாக வந்து போகிறது. 'அவரைத் திருத்த வந்த தேவதை மாதிரி இருக்கா' என்றாள் சித்தி மகள். நான் ரோஸிக்காகக் கொஞ்சம் வாதாடினேன். சிகரெட் பிடித்துக்கொண்டு, வளர்த்த அப்பாமேல் எரிந்து விழுந்துகொண்டு எந்தத் தேவதை வந்தது என்று கேட்டேன். ஆனாலும் அவள் பக்கம்தான் நியாயம் அதிகம்.

ஜீனைப் பற்றி ஒரு வரி. மனைவி இருக்கும்போதே, எத்தனை நாட்டுப் பெண்களோடு இருந்தோம் என்று உலக வரைபடத்தில் ஊசி குத்தி வைக்கிற ஆள். படித்த யாருக்கும் பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

இப்போது முக்கியமான வழக்கு. என் தோழி ஒருத்தி. அவள் மகனுக்கு ஆட்டிசம், பதினான்கு வயது. புத்தகத்தைக் கொடுக்கும்போது நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. டானைப் பார்த்தால் அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் கொடுத்தேன்.

அவள் நின்றுபோனது கோட்டு விவகாரத்தில். நாமெல்லோரும் விழுந்து விழுந்து சிரித்த இடம். ஒரு பெரிய உணவகத்துக்கு டான் போகிறார். 'ஜாக்கெட்' இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்கிறார்கள். டான் ஜாக்கெட் போட்டுத்தான் இருக்கிறார். என்ன, அது மழைக்குப் போடுகிற கோர்டெக்ஸ் ஜாக்கெட். கோட்டைவிட இது எந்தெந்த வகையில் உயர்ந்தது என்று வாதாடுகிறார். பேச்சு முற்றி, அவர்மேல் கை வைக்கிறார்கள். அடுத்த நிமிடம் காவலர்கள் இருவரும் தரையில். அக்கிடோ. அப்புறம் ரோஸியோடு வீட்டுக்கு வந்து மாடத்தில் சிங்கி இறால் விருந்து. அழகான காட்சி.

தோழி சொன்னாள்: "அவர் சொன்னது தப்பே இல்லையே. ஜாக்கெட்னாங்க, ஜாக்கெட் போட்டிருந்தார். என் பையனும் இப்படித்தான் ஒரு கடை வாசல்ல விதியைப் பத்திப் பேசிக்கிட்டு நின்னான். அவனைப் பிடிச்சுத் தள்ளினாங்க. அவனுக்கு அக்கிடோ தெரியாது."

நான் ஒன்றும் பேசவில்லை. என்ன பேச.

அவள் அதோடு விடவும் இல்லை. டான் பேராசிரியர், கையில் காசு இருக்கிறது, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியும், அதனால்தான் அவர் விழுந்தாலும் நமக்குச் சிரிக்க முடிகிறது என்றாள். இன்னொன்றும் சொன்னாள். டானுக்கு ஆட்டிசம் என்று இந்தப் புத்தகம் வாயைத் திறந்து சொல்வதே இல்லை. ஆரம்பத்தில் ஜீனுக்குப் பதிலாக டான் போய், ஆட்டிசத்தோடு சேர்ந்த ஆஸ்பெர்கர் என்ற நிலை பற்றி உரை நிகழ்த்துகிறார். கேட்பவர்களில் அந்தக் குழந்தைகளும் இருக்கிறார்கள். டானுக்குத் தன்னைப் பற்றி ஒரு சந்தேகமும் வரவில்லை, வாசகருக்கு மட்டும் புரிகிறது. (புத்தகம் வந்த அதே 2013இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு ஆஸ்பெர்கர் என்ற தனிப் பெயரையே எடுத்துவிட்டு, ஆட்டிசம் என்ற பெரிய குடைக்குள் சேர்த்தது.) சிம்சியன் பெயரைச் சொல்லாமல் சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டார் என்பது அவள் கோபம். ஆனால் அந்த உரைக் காட்சி அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. டான் ஒரு சிக்கலான கேள்வி போட, குழந்தைகள் உற்சாகமாகத் தீர்வுகளை அடுக்குகிறார்கள், பெற்றோர்கள் முகம் வெளிறுகிறது. அங்கே குழந்தைகளைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, மிரண்டுபோன பெரியவர்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம் என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு நான் மறுபடி முதலிலிருந்து படித்தேன். படித்தபோது புத்தகம் இரண்டாகப் பிரிந்து தெரிந்தது. முதல் பாதியில் டானுடைய விதிகள் உலகத்தின்மேல் மோதுகின்றன. பெரும்பாலும் உலகம்தான் முட்டாளாகத் தெரிகிறது. உணவகத்துக்காரர் ஏன் கோட்டு கேட்டார் என்று அவருக்கே தெரியாது. கடைசிப் பகுதியில் டான் காதல் படங்களாகப் போட்டுப் பார்த்துக் காதலைக் கற்றுக்கொள்கிறார், முடியை வெட்டிக்கொள்கிறார், உடையை மாற்றுகிறார். அங்கே மட்டும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. திரைக்கதையில் மூன்றாம் பகுதிக்கு ஒரு மாற்றம் தேவைப்படும் இல்லையா, அதற்காக மாற்றின மாதிரி இருந்தது. அவரை அப்படியே விட்டிருந்தாலும் ரோஸி வந்திருப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சித்தி மகளிடம் இதைச் சொன்னால், 'அவ மனசு உங்களுக்கு எப்படித் தெரியும்' என்பாள்.

இதன் மூன்றாம் பாகம், 'த ரோஸி ரிசல்ட்', 2019இல் வந்தது. அதில் டானுக்கும் ரோஸிக்கும் ஒரு மகன் இருக்கிறான், ஆட்டிசம் பற்றிய பேச்சு நேரடியாகவே வருகிறது. முதல் புத்தகத்தில் ஒளித்து வைத்ததை ஆறு வருடம் கழித்து மேசைமேல் எடுத்து வைத்திருக்கிறார். அதைத் தோழியிடம் கொடுத்திருக்கிறேன். இந்த முறை சிரித்துக்கொண்டே திணிக்கவில்லை, 'வேண்டுமென்றால் படி' என்றேன். இன்னொன்றும் சேர்த்துக் கொடுத்தேன், ஹெலன் ஹோவாங்கின் 'த கிஸ் கோஷன்ட்', 2018. அதில் ஆட்டிசம் இருப்பது நாயகிக்கு. எழுதியவரும் தனக்கு ஆட்டிசம் இருப்பதைப் பெரியவளான பிறகு அறிந்துகொண்டவர். முதல் பத்துப் பக்கத்திலேயே வித்தியாசம் தெரியும். எழுதுகிறவர் அந்தத் தோலுக்குள் இருக்கிறார். ஆனால் அதைப் பெரியவர்கள் இருக்கும் கூடத்தில் உட்கார்ந்து படிக்காதீர்கள், சொல்லிவிட்டேன்.

'ரோஸி புராஜெக்ட்' படிக்கலாமா என்றால், படியுங்கள். இரண்டு நாளில் முடிந்துவிடும், நிறையச் சிரிப்பீர்கள். யாருக்குக் கொடுக்கிறோம் என்று மட்டும் நான் யோசிக்காமல் விட்டதை நீங்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது விசிலும் வந்துவிட்டது. அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள், "அந்தப் பொண்ணோட அப்பா யாருன்னு சொல்லிட்டுப் போடி" என்று. மூன்று நாளாக அதிலேயே நிற்கிறாள். இங்கே சொன்னால் உங்களுக்கும் தெரிந்துவிடும். கேமராவை அணைத்துவிட்டுப் போய்ச் சொல்கிறேன்.