தெருவை மாற்றும் முன் அடுத்த தெருவையும் கேளுங்கள்

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நம் புதுச்சேரியில், தெருவில் வண்டிகள் பறக்கின்றன என்று மனு கொடுக்கிறோம். என்ன கிடைக்கிறது? சாலை போட்டு மீந்த தாரில் ஒரு முழ அகலத்துக்கு ஒரு வேகத்தடை மேடு. வெள்ளைக்கோடு இல்லை, எச்சரிக்கைப் பலகையும் இல்லை. இரவில் பைக்கின் பின்னால் குழந்தையோடு வரும் பெண்ணுக்கு, தூக்கிப்போட்ட பிறகுதான் மேடு இருப்பதே தெரியும். சாலைகளுக்கு அளவுகள் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் வேகத்தடைக்குச் சொல்லும் வழக்கமான அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். அதில் மெதுவாகப் போகிறவருக்கு அலுங்காது, வேகமாக வருகிறவரைத்தான் தூக்கும். நாம் போடுவது எல்லோரையும் தூக்குகிறது, ஆம்புலன்ஸில் படுத்திருப்பவரையும் சேர்த்து.

மேட்டைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நம் பழைய நகரத்தின் நேர்நேரான தெருக்கள், டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்து வைத்திருந்த 1693–1699 காலத்துத் திட்டத்தையொட்டி வந்தவை. இந்தக் கட்ட அமைப்பில் ஒரு தெருவை அடைத்தால் வண்டிக்காரர் நிற்கமாட்டார், அடுத்த தெருவில் திரும்பிவிடுவார். ஒரு தெரு மனு கொடுத்து ஒருவழிப்பாதை வாங்கினால், பக்கத்துத் தெருவில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி வாசல் இறங்க முடியாமல் போகும். நெரிசல் இடம் மாறுகிறதே தவிர, குறைவதில்லை.

அதனால்தான் இப்படிப்பட்ட மனுக்களுக்கு எழுதிவைத்த கொள்கை ஒன்று வேண்டும் என்கிறேன். மனு ஒரு தெருவுக்கு என்று இல்லாமல், சுற்றியுள்ள நாலைந்து தெருக்கள் சேர்ந்த பகுதிக்கு இருக்கட்டும். முதலில் வண்டிகளை எண்ணுங்கள், வேகத்தை அளந்து பாருங்கள். அப்புறம் பேரிகார்டு வைத்து மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள். பக்கத்துத் தெருக்களில் மறுபடி எண்ணுங்கள். தள்ளுவண்டிக்காரர்களையும் கேளுங்கள், தெரு வியாபாரத்தை ஒழுங்குபடுத்தும் நகர விற்பனைக் குழுவில் அவர்களுக்கு 40 சதவீத இடமாவது தரவேண்டும் என்று 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டமே சொல்கிறது. சரிப்படவில்லையா, பேரிகார்டை எடுத்துவிடலாம். தார் போட்டுவிட்டால் அது நடக்காது.

முடியாத காரியமில்லை. கடற்கரைச் சாலையில் மாலையில் வண்டி விடுவதில்லை. நேரம் ஊருக்கே தெரியும், யாரும் சண்டைக்கு வருவதில்லை.

மனுவை யாரிடம் கொடுப்பது? நகராட்சித் தேர்தல் 38 ஆண்டுகளுக்குப் பிறகு 2006இல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. சாலை ஒரு துறையிடம், போக்குவரத்து காவல்துறையிடம், வாய்க்கால் இன்னொருவரிடம். இவர்கள் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, மனு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும் என்பதைக் கொள்கையின் முதல் விதியாக வைக்கச் சொல்லிக் கேட்போம்.